தேக்காவில் யார் குடியிருக்கிறார்கள்?

திருச்சியிலிருந்து அண்மையில் வேலைக்கு வந்து, பொங்கோலில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இது பதில். "லிட்டில் இந்தியாதான் சிங்கப்பூர்த் தமிழர்கள் வாழும் இடம் என்று ஊரில் இருக்கும்போது நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் என்னோடு வேலை செய்யும் தமிழர்களில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். அப்படியானால் அது வெளிநாட்டுப் பயணிகளுக்காக அலங்கரித்து வைத்த இடமா? சுற்றியுள்ள நகரத்துக்கும் அதற்கும் உண்மையில் என்ன தொடர்பு?" என்று அவர் கேட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இந்தக் கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்பதுண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லிட்டில் இந்தியாவை இங்குள்ள தமிழர்கள் தேக்கா என்றே அழைக்கிறோம். சிங்கப்பூர்த் தமிழர்கள் எல்லாரும் தேக்காவில் குடியிருந்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதே வேளையில், அது பயணிகளுக்காகக் கட்டப்பட்ட காட்சியிடமும் இல்லை. ஒவ்வொரு காலத்திலும் நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள முடியாத ஏதோ ஒன்றை இந்தப் பகுதி ஏற்றுக்கொண்டது. முதலில் தொழில்களை ஏற்றது. பிற்காலத்தில், தீவெங்கும் சிதறிப்போன மக்கள் கூடுவதற்கான இடமானது. நகரம் தமிழர்களை எந்த அளவுக்குப் பரப்பிவைத்ததோ அந்த அளவுக்குத் தேக்காவின் தேவையும் கூடியது. அங்கே குடியிருப்பவர்களைவிட அங்கே வந்து போகிறவர்களே அந்த இடத்தைத் தாங்கி நிற்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை வரலாற்றிலிருந்தே சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி, இன்று தேக்காவின் நடுவே ஓடும் சிராங்கூன் சாலையில் இல்லை. சூலியாக் கம்பம் (சூலியா என்பது தென்னிந்தியரைக் குறித்த பெயர்; கம்பம் என்பது கம்போங், அதாவது சிற்றூர்) என்று குறிக்கப்பட்ட அந்த இடம் சிங்கப்பூர் ஆற்றின் கரையோரம் இருந்தது. ராஃபிள்ஸுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் அமைத்த மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், இன்று எல்லாரும் சைனாடவுன் என்று அழைக்கும் பகுதியின் நடுவில் நிற்கிறது. தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா சூலியாப் பள்ளிவாசல் அதே சாலையில் சில அடிகள் தள்ளி இருக்கிறது. நாகூர் தர்கா தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், அன்றைய கடற்கரையை ஒட்டி எழுந்தது. செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி எனப்படும் கடைக்கிடங்குகளில் பெட்டியடி போட்டு அமர்ந்து கடன் கொடுத்தார்கள்; அவர்களின் தண்டாயுதபாணி கோயில் 1859இல் டேங்க் ரோட்டில் அமைந்தது. ஆக, தமிழர்களின் முதல் முகவரி ஆற்றுக்குத் தெற்கிலும் துறைமுகத்தின் பக்கத்திலும் இருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று வங்கிக் கோபுரங்களே நிற்கின்றன. கிட்டங்கிகள் இருந்த இடத்தைத் தேடிப் போனால் அடையாளம் காண்பதே கடினம். ஆனால் கோயிலும் பள்ளிவாசலும் தர்காவும் இருந்த இடத்திலேயே இருப்பதால், அந்தப் பழைய முகவரி முழுவதுமாக அழிந்துவிடவில்லை.

சிராங்கூன் சாலை அப்போது நகருக்கு வெளியே, தீவின் வடகிழக்கை நோக்கிச் செல்லும் பாதையாக இருந்தது. வளர்ந்துவரும் நகரத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வேண்டியிருந்தன. சூளைப் புகையையும் நீற்றும் வெப்பத்தையும் யாரும் ஊர் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பமாட்டார்கள் என்பதால் அந்த வேலைகள் இந்தச் சாலையோரத்துக்கு வந்தன. வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் பகுதியை அக்காலத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்ற பெயர் இருந்தது. சூளைகளில் பாடுபட்டவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து மாற்றப்பட்ட முதல் தொகுதியில் தொடங்கி, 1873இல் அந்த முறை முடிவுக்கு வரும்வரை, சிங்கப்பூரின் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நகர மண்டபத்துக்கு அருகில் வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் கைகளால் எழுந்தது. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு அதன் சுவர்களில் பூசப்பட்டது. அவர்கள் அடைக்கப்பட்டிருந்த சிறை பிராஸ் பசாவில், சிராங்கூன் சாலைக்கு நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது. நகரத்தின் பெருமைக்குரிய கட்டடங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று இளையவர்களிடம் நான் சொல்வது வழக்கம்.

சூளைகளுக்குப் பிறகு மாடுகள் வந்தன. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் மாட்டுக் கொட்டகைகள் பெருகின. 1840களில் ஃபேரர் பார்க் பக்கம் குதிரைப் பந்தயத் திடல் அமைந்து, அதைச் சுற்றி ஐரோப்பியர் சிலர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரில் அந்தத் திடலின் நினைவு இன்னும் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூத வணிகர் மாட்டு வணிகத்தில் பெரும்புள்ளியாக இருந்தார். அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பக்கத்திலேயே பஃபலோ ரோடும், அதே பொருளை மலாயில் சொல்லும் கெர்பாவ் ரோடும் இருக்கின்றன. அந்நாளில் பால் மட்டும் மாட்டிலிருந்து வரவில்லை. வண்டி இழுப்பது, செக்காட்டுவது, கோதுமை அரைப்பது எல்லாம் மாட்டின் உழைப்பாகவே இருந்தன. அதனால் எண்ணெய், மாவு, பிரம்பு, அன்னாசி என்று பல தொழில்கள் கொட்டகைகளைச் சுற்றி வளர்ந்தன. பால்காரர்களாகவும் மாட்டுக்காரர்களாகவும் வண்டிக்காரர்களாகவும் வேலைக்கு வந்தவர்களில் தமிழர்களும் வட இந்தியர்களும் நிறைய இருந்தார்கள். வேலையை ஒட்டிக் குடியிருப்பும், குடியிருப்பை ஒட்டிக் கடையும், கடையை ஒட்டிக் கோயிலும் வந்தன. யாரும் வரைபடத்தில் கோடு போட்டு இதை இந்தியர் பகுதி ஆக்கவில்லை. சைனாடவுனுக்கும், மலாய், அரபு மக்களின் பகுதியான கம்போங் கிளாமுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். அவை இரண்டும் 1822ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே இனவாரியாகப் பிரிக்கப்பட்டவை.

இதைச் சொல்லும்போது, தேக்கா முழுவதும் இந்தியர்களாக இருந்தது என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. கெர்பாவ் ரோட்டில் பல வண்ணங்களில் பளபளக்கும் ஒரு பழைய வீட்டைப் பயணிகள் வரிசையில் நின்று படமெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 1900இல் கட்டப்பட்ட டான் தெங் நியா என்ற சீனத் தொழிலதிபரின் மாளிகை. மிட்டாய் ஆலைகள் வைத்திருந்தவர் அவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927இல் தொடங்கிய புத்தர் கோயிலும், அதற்கு எதிரே சீனர்களின் லியோங் சான் கோயிலும் இருக்கின்றன. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. சந்தை என்று பார்த்தாலும் அப்படித்தான். 1915இல் கட்டப்பட்ட கண்டாங் கெர்பாவ் சந்தை எல்லா இனத்தவருக்கும் பொதுவாகவே இருந்தது. 1982இல் அது சாலையின் மறுபக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. இன்று ஈரச்சந்தைக்குள் நுழைந்தால் ஆட்டிறைச்சிக் கடையில் தமிழரும், மீன் கடையில் சீனரும், வாங்குவோர் பக்கம் மலாய்க்காரரும் பிலிப்பினோக்களும் நிற்கிறார்கள். வயதான சீனக் கடைக்காரர் ஒருவர் ஒரு பாட்டியிடம் கொத்தமல்லியின் விலையைத் தமிழில் சொல்லி, மலாயில் பேரம் முடித்து, சீனத்தில் தம் மகனிடம் சில்லறை கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தையில் அது அதிசயமான காட்சியில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொழில்கள் ஒவ்வொன்றாக விலக, வணிகம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. நகராட்சியின் கட்டுப்பாடுகள் கூடக்கூட மாட்டுக் கொட்டகைகள் வெளியேறின. பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது. ஜவுளி, நகை, மளிகை, பாத்திரம், பூ என்று சிராங்கூன் சாலை கடைத்தெருவானது. துணிக்கடைகளால் வளர்ந்த பி. கோவிந்தசாமிப் பிள்ளை, 1855இல் தோன்றிய சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் செய்த திருப்பணிகளையும், அங்கே அவர் பெயரில் இருக்கும் திருமண மண்டபத்தையும் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். அந்த மண்டபத்தில் திருமணமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் இப்போது தீவின் எல்லா மூலைகளிலும் இருக்கிறார்கள். கோமள விலாஸ் 1947இல் தொடங்கியது. இவையெல்லாம் தேக்காவை நகரத் தமிழர்களின் பொதுக் கடைத்தெரு ஆக்கின என்றாலும், தமிழர்கள் அப்போதும் வெவ்வேறு இடங்களில்தான் குடியிருந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் தஞ்சோங் பகாரில் இருந்தார்கள். கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்கள் செம்பவாங்கில் இருந்தார்கள். தமிழ்ப் பள்ளியும் கோயிலும் மளிகைக் கடையும் கொண்ட தனி ஊராகவே அது இருந்தது. பிரிட்டிஷ் படைகள் 1971இல் விலகியபோது அங்கிருந்த பல குடும்பங்கள் வேலை இழந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரும்பின. தேக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் செம்பவாங்கை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். தேக்காவைப் போலப் பாதுகாக்கப்பட்ட கடைத்தெரு அங்கே இல்லை என்பதால், அந்த வாழ்க்கை நினைவிலிருந்தும் விரைவாக நழுவுகிறது.

இனி, உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அமைந்த பிறகு கம்பங்களும் நெரிசலான கடைவீடுகளும் காலி செய்யப்பட்டு, மக்கள் புதிய அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு சில பேட்டைகளில் ஓரினத்தவர் மீண்டும் திரளத் தொடங்கியதைக் கண்டு, அரசு 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காட்டுக்கு மேல் வீடு வைத்திருக்கக்கூடாது என்பதற்கு உச்சவரம்பு வந்தது. இந்தியர்களையும் பிற இனத்தவரையும் சேர்த்து அது பேட்டைக்கு 10 விழுக்காடு, புளோக்குக்கு 13 விழுக்காடு என்று இருந்தது. 2010இல் முறையே 12, 15 என உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரில் வசிப்போரில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால், இதன் பொருள் தெளிவாகும். எந்த வீவக புளோக்கிலும் தமிழர்கள் சிறுபான்மையாகவே இருப்பார்கள். சந்தை இருக்கும் தேக்கா நிலையக் கட்டடத்தை ஒட்டி நிற்கும் வீவக புளோக்குகளும் இந்த விதிக்கு விலக்கில்லை. உங்கள் சகப் பணியாளர்கள் ஆளுக்கொரு மூலையில் இருப்பது தற்செயலாக நடந்ததில்லை.

அதே 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, நகர மறுசீரமைப்பு ஆணையம் சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. நான்கு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் பொதுவாக யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஒன்றை வீட்டுவசதிக் கொள்கை என்றும் மற்றொன்றைக் கட்டடப் பாதுகாப்பு என்றும் தனித்தனி ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். என் பார்வையில் இவை இரண்டும் ஒன்றையொன்று தேவைப்படுத்தியவை. இந்தியர்கள் ஓரிடத்தில் திரண்டு வாழ முடியாத நகரத்தில், இந்தியர்களுக்கென்று கண்ணால் காணத்தக்க ஓரிடம் வேண்டியிருந்தது. குடியிருப்பில் இல்லாத செறிவு கடைத்தெருவில் உருவானது. நான் அந்தக் குடியிருப்புக் கொள்கையைக் குறைசொல்லவில்லை. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பமும் எதிர் வீட்டில் சீனக் குடும்பமும் இருக்க வளர்ந்தவன் நான். அதன் நன்மையை அறிவேன். ஆனால் வீட்டை விற்க நினைக்கும் இந்தியக் குடும்பம், புளோக்கில் வரம்பு நிரம்பியிருந்தால் வாங்குவோர் வட்டம் சுருங்குவதைக் கண்டு திண்டாடுவதும் உண்மை. வாசலில் நின்று தமிழில் நாலு வார்த்தை பேச ஆளில்லாத முதியவர்கள் இருப்பதும் உண்மை. அவர்கள் பேருந்து ஏறித் தேக்காவுக்கு வருகிறார்கள்.

வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதைப் பொங்கலுக்கு முந்தைய மாலையில் பஃபலோ ரோட்டில் பார்க்க வேண்டும். கரும்பு கட்டுக்கட்டாகக் கடைத் தூண்களில் சாய்ந்து நிற்கும். மஞ்சள் கொத்து, மாவிலை, வாழையிலை, புதுப்பானை, பூளைப்பூ எல்லாம் கடை முன் நடைபாதையான அஞ்சடியைத் தாண்டிச் சாலை விளிம்புவரை வந்திருக்கும். பூக்காரர் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை மல்லிகைச் சரத்தை நீட்டி முழம் அளந்து, கடைசியில் நாலு விரற்கடை கூடுதலாக விட்டு நறுக்குவார். அந்த நாலு விரற்கடைக்காகவே ஆண்டுக்கணக்கில் அதே கடைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஜூரோங்கிலிருந்து வந்தவரும் ஹவ்காங்கிலிருந்து வந்தவரும் வாழைத்தார் முன்னால் நின்று ஒருவருக்கொருவர் உறவு விசாரித்துக்கொள்வார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இப்போது எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கின்றன. இணையத்தில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. பொருள் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எப்போதோ குறைந்திருக்கும்.

தமிழுக்கும் இதே கதைதான். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்ற தகுதி தமிழுக்குத் தீவு முழுவதும் உண்டு. ரயில் நிலையப் பலகையிலிருந்து நாடாளுமன்றம்வரை அதைப் பார்க்கலாம். அன்றாடப் பேச்சில் அது தானாக முதலில் வாயில் வரும் இடங்கள் மிகக் குறைவு. கடைக்காரரிடம் தயங்காமல் தமிழில் பேச்சைத் தொடங்கக்கூடிய தெருக்கள் தேக்காவில்தான் இருக்கின்றன. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் பீட்டி ரோட்டில் இருப்பதால், தொலைவிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவர்கள் முடிந்ததும் கடைத்தெருப் பக்கம் நடக்கிறார்கள். வகுப்பறையில் படித்த சொல் தெருவில் புழங்குவதைக் கேட்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

பயணிகளுக்காக அலங்கரித்த இடமா என்று கேட்டீர்கள். லிட்டில் இந்தியா என்ற பெயரைப் பரப்பியதில் 1980களின் சுற்றுலா மேம்பாட்டு முயற்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழர்கள் இன்னும் தேக்கா என்றே சொல்கிறார்கள். தீபாவளி ஒளியூட்டு, வளைவுகள், சுவரோவியங்கள், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் எல்லாம் பயணிகளையும் கவர்கின்றன என்பதில் ஐயமில்லை. அதனால் என்ன? ஒளியூட்டைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் தாத்தாவும் அதன் கீழேதான் நடக்கிறார். மரபுடைமை நிலையத்தின் மேல்மாடங்களில் வைத்திருக்கும் பழைய புகைப்படங்களில் தம் உறவினர் முகத்தைத் தேடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பயணிகளைக் கண்டு நான் அஞ்சவில்லை.

வாடகையைக் கண்டு அஞ்சுகிறேன். போருக்குப் பின் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் சிறு வணிகர்களைக் குறைந்த வாடகையில் நிலைக்க வைத்தது. அதே சட்டம், உரிமையாளர்கள் கட்டடங்களைப் பழுதுபார்க்காமல் விடவும் காரணமாயிற்று. படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 2001இல் அது முற்றாக நீக்கப்பட்டது. கட்டடங்கள் செப்பனிடப்பட்டுப் புதுப்பொலிவு பெற்றன; ஆனால் மிளகாயும் மல்லியும் அரைக்கும் மாவு மில்லோ, தரையில் அமர்ந்து நகை செய்யும் பொற்கொல்லரோ, கிளி ஜோசியரோ அந்த வாடகையைக் கொடுக்க முடியாது. பாதுகாப்பு விதி கட்டடத்தின் முகப்பையும் ஓட்டுக் கூரையையும் சன்னலையும் காக்கிறது. உள்ளே நடக்கும் தொழிலைக் காப்பதற்கு அதில் வழியில்லை. தங்கும் விடுதிகளும் மதுக்கூடங்களும் ஒவ்வொரு கடைவீடாக நுழைவதைப் பார்க்கும்போது, சுவர் மட்டும் நிற்க வாழ்க்கை வெளியேறிவிடுமோ என்ற கவலை வருகிறது. நகரத்தோடு தேக்காவுக்கு இருக்கும் உறவில் இன்று மிகவும் இக்கட்டான இடம் இதுதான். அரசு மரபுத் தொழில்களுக்கென்று தனி ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

இதுவரை சொன்னது இங்கேயே குடியுரிமை பெற்றவர்களைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த ஊழியர்கள் வாரம் முழுவதும் துவாஸ், கிராஞ்சி, மண்டாய் போன்ற தீவின் ஓரங்களில் இருக்கும் தங்கும் விடுதிகளில் இருக்கிறார்கள். ஞாயிறு மதியத்திலிருந்து அவர்கள் தேக்காவுக்கு வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்பார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், ஒரே ஊர்க்காரர்கள் வழக்கமான மரத்தடியில் கூடுவார்கள், கைப்பேசித் திரையில் குழந்தைக்குத் தான் வாங்கிய சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். வங்காள தேசத்து ஊழியர்கள் லெம்பு ரோட்டுத் திறந்தவெளியைச் சுற்றித் திரள்வார்கள். கடற்படைத் தளத்துத் தமிழர்களும் துறைமுகத் தமிழர்களும் ஒரு காலத்தில் விடுமுறை நாளில் எதற்குத் தேக்காவுக்கு வந்தார்களோ அதற்கேதான் இவர்களும் வருகிறார்கள். நகரத்தின் ஓரத்தில் வேலையும் தங்குமிடமும், நகரத்தின் நடுவில் ஒரு நாள் மனித வாழ்க்கை என்ற அந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.

அந்த ஏற்பாட்டின் மீது நகரத்துக்கு எவ்வளவு தயக்கம் இருக்கிறது என்பது 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி இரவில் வெளிப்பட்டது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழக ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து ஏறத்தாழ 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். காவல் வாகனங்களும் ஆம்புலன்சும் தாக்கப்பட்டன, தீவைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாகக் கலவரத்தையே காணாத நாடு அதிர்ந்துபோனது. விசாரணைக் குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீவெங்கும் இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் குடிப்பதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மட்டும் வாரயிறுதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. ஊழியர்கள் தங்கள் விடுதிப் பக்கத்திலேயே ஓய்வைக் கழிக்கட்டும் என்று பொழுதுபோக்கு நிலையங்களும் கட்டப்பட்டன. 2020இல் விடுதிகளில் கொவிட் பரவி ஊழியர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்க நேர்ந்தபோது தேக்காவின் ஞாயிறுகள் வெறிச்சோடின. 2022இல் அவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் தேக்காவுக்கு வர முன்கூட்டியே அனுமதி பெறவேண்டியிருந்தது. வன்முறையை எவரும் நியாயப்படுத்த முடியாது. அந்த இரவைத் தடுப்பதற்கான ஒழுங்கும் தேவைதான். ஆனால் விடுதிக்குள் தொலைக்காட்சியும் கிரிக்கெட் திடலும் வைத்துவிட்டால் தேக்காவுக்கு மாற்றாகிவிடும் என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தானே தேர்ந்தெடுத்த தெருவில், தன்னைக் கணக்கெடுக்காத கூட்டத்துக்குள், தன் மொழியில் பேசியபடி நடப்பதற்கு மாற்று கிடையாது. கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் உள்ளூர்த் தமிழர்களும் இருக்கிறார்கள். நம் தாத்தாக்களில் பலர் வந்த நிலையில்தான் இவர்களும் வந்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

பழைய முகவரியும் புதிய முகவரியும் இணையும் நாள்கள் ஆண்டில் இரண்டு உண்டு. தைப்பூசத்தன்று பக்தர்கள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் ஏந்திப் புறப்பட்டு, சிலிகி ரோடு வழியாக, அலுவலகக் கட்டடங்களையும் கடைத்தொகுதிகளையும் கடந்து டேங்க் ரோட்டுக்கு நடக்கிறார்கள். தீபாவளிக்கு முன் வரும் தீமிதியின்போது இரவில் ஊர்வலம் அதே பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, ஆற்றைக் கடந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலை அடைகிறது. தைப்பூசம் 1968க்குப் பிறகு பொது விடுமுறையாக இல்லை. ஊர்வலத்தில் நேரடி இசைக்கு 1973 முதல் நெடுங்காலம் தடையும் இருந்து, பிறகு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு நடக்கிறவர்களின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. தேக்கா தன் எல்லைக்குள் அடங்கி நிற்காமல் நகரத்தின் நடுச்சாலையில் இறங்கி நடக்கும் அந்த இரண்டு நாள்களையும் நீங்கள் ஒரு முறையேனும் கூடவே நடந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் பொங்கோலில் இருப்பது ஒருவகையில் வசதி. 2003இல் திறந்த வடகிழக்கு ரயில் பாதை உங்கள் வாசலிலிருந்து மாறாமல் தேக்காவுக்கு வருகிறது. லிட்டில் இந்தியாவில் இறங்காமல் அதற்கு முந்தைய நிலையமான ஃபேரர் பார்க்கில் இறங்குங்கள். பெருமாள் கோயிலில் தொடங்கி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புத்தர் கோயிலைப் பார்த்துவிட்டு, வீரமாகாளியம்மன் கோயில் வழியாகச் சந்தைக்கு வாருங்கள். கால் வலிக்காவிட்டால் சிலிகி ரோட்டில் தொடர்ந்து நடந்து பிராஸ் பசா, புனித ஆண்ட்ரூ தேவாலயம், ஆற்றைத் தாண்டி மாரியம்மன் கோயில்வரை போகலாம். ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும் தொலைவுதான். ஒரு வாரநாளில் போனால் கடைக்காரர்களோடு பேச நேரம் கிடைக்கும். ஞாயிறு மாலையில் கூட்டமாக இருக்கும், போக வேண்டாம் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் அந்த யோசனையைக் கேட்க வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்காரர்கள் பலரை அன்றுதான் அங்கே பார்ப்பீர்கள்.